உள்ளூர்த் திருத்தங்கள்

நவராத்திரி நெருங்கும்போது பரணிலிருந்து கொலுப் பெட்டிகளை இறக்கும் பொறுப்பு, முழங்கால் இடம் கொடுத்த வரையில் என்னுடையதாக இருந்து, சில வருஷங்களாக என் தம்பி மகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் அந்தப் பெண், இந்த முறை விடுமுறைக்கு வந்திருந்தபோது, அந்துருண்டை வாசனையும் பழைய வேட்டித் துணியின் மக்கல் வாசனையும் கலந்து எழும்பிய ஒரு பெட்டியிலிருந்து செட்டியார் பொம்மையை எடுத்து, அதன் தொந்தியைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தாள். பிரித்தவள் பொம்மையைத் தரையில் வைத்துவிட்டுத் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்விட்டாள். இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளையிட்ட, ஒன்றுவிட்டு ஒன்றாக வெளிர்பச்சைப் பட்டை ஓடிய, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கென்றே மடிப்பு மடிப்பாக வந்த காகிதம் அது.

"பெரியப்பா, இது டிஃப் தானே? கம்பைலர் சோர்ஸ் மாதிரி இருக்கே. இதையா செட்டியாருக்குச் சுத்தி வச்சீங்க?" என்றாள்.

கூட்டல் குறியோடு தொடங்கும் வரி புதிதாகச் சேர்ந்தது, கழித்தல் குறியோடு தொடங்குவது நீக்கப்பட்டது என்று படிக்கத் தெரிந்தவள் அவள். அவளுக்கும் கம்பைலர் வேலைதான். செட்டிச்சியைச் சுற்றியிருந்தது அதே அச்சின் தொடர்ச்சி. அதற்குப் பிறகு அன்று மாலை வரை பொம்மைகள் படியேறவில்லை. பேச்சு வளர்ந்துகொண்டே போயிற்று.

என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி, கிண்டி தொழிற்பேட்டைக்கு அருகில் ஒரு சிறிய கம்பெனியில் கழிந்தது. மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் ஒரு வகை பிராசஸருக்கு சி மொழிக் கம்பைலர் தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். தயாரிப்பது என்று பெருமையாகச் சொன்னாலும், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்டு, பிறகு உலகெங்கும் பலர் கைபட்டு வளர்ந்த ஜி.சி.சி.யை எடுத்து, அதில் எங்கள் பிராசஸருக்கு வேண்டிய பகுதியைச் சேர்த்து, வாடிக்கைக்காரர்கள் கேட்ட சௌகரியங்களைப் பொருத்தி அனுப்பினோம் என்பதே சரியான விவரம். கம்பைலர் என்பது ஒருவரே எழுதிய ஒரே நூல் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணக்கூடும். உண்மையில் அதன் மூலநிரல் அடைவுக்குள்ளே, வேறு வேறு ஊர்களில் வேறு வேறு மனிதர்கள் வேறு வேறு காரியங்களுக்காக எழுதிய லைப்ரரிகள் தத்தம் உட்பிரிவுகளில் அமர்ந்திருக்கும். அக்காலத்து ஜி.சி.சி.யில் ஜாவா மொழிக்காக வந்து சேர்ந்த ஸீலிப் என்னும் சுருக்க லைப்ரரி இருந்தது, ஹான்ஸ் போம் எழுதிய நினைவகச் சேகரிப்பான் இருந்தது, லிப்எஃப்எஃப்ஐ இருந்தது, எங்களைப் போன்ற சிறு கருவிக்காரர்கள் இவற்றோடு நியூலிப் என்ற சி லைப்ரரியையும் உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொள்வோம். இவை ஒவ்வொன்றுக்கும் சொந்த வீடு வேறெங்கோ இருக்கிறது. அங்கே பிழை திருத்தப்படும். புதிய பதிப்பு வரும். எங்களிடம் இருப்பது பிரதி மட்டுமே. அந்தப் பிரதியில் நாங்களும் அங்குமிங்கும் கைவைத்திருப்போம். மூலத்தில் நேர்ந்த மாறுதலையும் நாங்கள் செய்த மாறுதலையும் ஒருசேரக் காப்பாற்றிக்கொண்டு, புதிய பதிப்பைப் பழைய இடத்தில் குடியேற்றுவதைத்தான் மெர்ஜ் என்போம். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்தவர்கள் பட்ட பாட்டுக்கு இதை ஒப்பிடலாம். ஆனால் சுவடி ஆசிரியருக்கு மூலநூலாசிரியர் மறுவருஷமே வேறொரு பாடம் எழுதி அனுப்பிவிடுவாரோ என்ற பயம் கிடையாது.

புதிய பதிப்பு கைக்கு வருவதே அந்நாளில் ஒரு வைபவம். இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு வரும். பகலில் மானேஜர் தொலைபேசியை விட்டுக்கொடுக்க மாட்டார் ஆகையால், இரவில் ஒருவர் தங்கி இறக்கவேண்டும். விடியற்காலையில் முக்கால்வாசி வந்த பிறகு இணைப்பு அறுந்துபோவது சர்வ சாதாரணம். ஜி.சி.சி.க்காரர்கள் முழுத் தொகுப்போடு, முந்தைய பதிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தனியாகவும் வெளியிட்டு வந்தது எங்களைப் போன்றவர்களுக்குப் பரம உபகாரமாக இருந்தது. அந்த வித்தியாசத்தைப் பழைய பிரதியின்மேல் ஏற்றுவதற்குப் பாட்ச் என்றொரு நிரல் உண்டு. பின்னாளில் பெர்ல் மொழியை உண்டாக்கிய லாரி வால் 1985இல் எழுதியது. வரி எண் தள்ளிப் போயிருந்தாலும், முன்னும் பின்னும் உள்ள சில வரிகளை அடையாளமாக வைத்துக்கொண்டு, செருக வேண்டிய இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்க முடியாதவற்றை நிராகரித்துத் தனிக் கோப்பில் போட்டுவிட்டு மேலே போய்விடும். காலையில் வந்தவுடன் அந்த நிராகரிப்புக் கோப்புகள் எத்தனை என்று பார்ப்போம். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு நிம்மதியாக இருக்குமா இராதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் குழுவுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். துளை அட்டைகளில் நிரல் எழுதிய காலத்திலேயே கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்' மட்டுமே. பாரிமுனையில் வாங்கிய சிவப்பு அட்டைப் பேரேடு ஒன்றை அவர் மேஜைமேல் எப்போதும் காணலாம். மளிகைக் கடைக்காரர் பற்று எழுதுவது போன்ற நீளவாட்டுப் பக்கங்களில், வெளியார் லைப்ரரிகளில் நாங்கள் செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் அவர் கைப்பட எழுதுவார். முதல் பத்தியில் வரிசை எண். பிறகு கோப்பின் பெயர். பிறகு என்ன செய்தோம், ஏன் செய்தோம், யார் கேட்டுச் செய்தோம். கடைசிப் பத்தியின் தலைப்பு, 'மேலே அனுப்பியாயிற்றா?' என்பது. மேலே என்றால் அந்த லைப்ரரியின் சொந்த வீட்டுக்கு. அந்தக் கடைசிப் பத்தி பக்கத்துக்குப் பக்கம் வெறுமையாகவே இருக்கும். இவ்வளவையும் சி.வி.எஸ். என்ற பதிப்புப் பராமரிப்பு நிரலின் பதிவேட்டில் கம்ப்யூட்டரே வைத்திருக்கும்போது நோட்டு எதற்கு என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் கேட்பதுண்டு. "அது என்ன மாறிச்சுன்னு சொல்லும்ப்பா. எதுக்கு மாத்தினோம்னு யார் சொல்லுவா?" என்பார். அந்தப் பையன்கள் பதிவு செய்யும்போது விளக்கம் எழுதவேண்டிய இடத்தில் 'திருத்தம்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதி வந்தார்கள் ஆதலால், அவர் கேள்விக்குப் பதில் கிடையாது.

சி.வி.எஸ்.ஸில் வெளியார் சரக்குக்கென்று தனிக் கிளை உண்டு, 1.1.1 என்ற எண் அதற்கு. புதிய பதிப்பை அந்தக் கிளையில் இறக்கினால், எத்தனை கோப்புகளில் மோதல் என்று கணக்குச் சொல்லும். மோதிய கோப்பைத் திறந்தால், ஏழு கோணக்குறிகளுக்குக் கீழே நம்முடைய பாடமும், ஏழு சமக்குறிகளுக்குக் கீழே அவர்களுடைய பாடமும் எதிரும் புதிருமாக நிற்கும். இவற்றில் பாதி வெறும் பொய்ச் சண்டை. கோப்பின் தலையில் டாலர் குறிகளுக்கு நடுவே பதிப்பு எண்ணைத் தானே எழுதிக்கொள்ளும் வசதி சி.வி.எஸ்.ஸுக்கு உண்டு, அவர்கள் சி.வி.எஸ். எழுதிய எண் ஒன்று, எங்கள் சி.வி.எஸ். எழுதிய எண் வேறொன்று, ஆகவே ஒன்றுமே மாறாத கோப்புகள்கூட மாறிவிட்டதாகச் சாதிக்கும். மாறுதல் குறிப்பு என்ற கோப்பில் எல்லோரும் புதிய செய்தியைத் தலைப்பிலேயே சேர்ப்பது வழக்கம் என்பதால், அங்கே ஒவ்வொரு தடவையும் மோதல் நிச்சயம். போதாக்குறைக்கு, எங்களில் ஒருவருடைய எடிட்டர் டேப் எல்லாவற்றையும் இடைவெளியாக மாற்றிச் சேமித்துவிட, ஆயிரக்கணக்கான வரிகளில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் முளைத்த கதையும் உண்டு. செட்டியார் சுற்றிக்கொண்டிருந்தது அந்த டிஃப்தான் என்பது என் ஊகம். கழித்தலிலும் கூட்டலிலும் ஒரே வரிகள்.

கான்ஃபிகர் என்னும் கோப்பின் உபத்திரவத்தைத் தனியாகவே சொல்லவேண்டும். அது மனிதர் எழுதுவதல்ல; ஆட்டோகான்ஃப் என்ற கருவி எழுதிக் கொடுப்பது. அப்போதைய ஜி.சி.சி.க்கு ஆட்டோகான்ஃப் 2.13 பதிப்புதான் ஒத்துக்கொள்ளும். புதிய லினக்ஸ் வாங்கி நிறுவினால் அதில் 2.50க்கு மேற்பட்ட பதிப்பு இருக்கும். தெரியாமல் அதைக் கொண்டு ஒரு தரம் ஓட்டிவிட்டால், பிரமாண்டமான அந்தக் கோப்பு தலைமுதல் கால்வரை வேறாகி நிற்கும். அதற்குள் நாம் உண்மையில் செய்த இரண்டு வரி மாற்றத்தைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான். ஆகவே 2.13ஐத் தனியாக ஓர் அடைவில் நிறுவி, அதை எவரும் தொடக்கூடாது என்று சார் ஆக்ஞை பிறப்பித்திருந்தார்.

இன்னொரு வில்லங்கம், ஜி.சி.சி.யையும் நியூலிப்பையும் ஒரே அடைவில் சேர்த்து வைத்துக் கட்டும் எங்கள் சம்பிரதாயத்திலிருந்து வந்தது. லிபைபெர்டி என்ற பொது லைப்ரரியும், அதன் தலைப்புக் கோப்புகளும், உச்சி அடைவின் அமைப்புக் கோப்புகளும் இந்தக் குடும்பத்துத் தொகுப்புகள் பலவற்றிலும் ஒவ்வொரு பிரதி இருக்கும். எது புதியது, எதை வைத்துக்கொள்வது? இதில் ஜி.சி.சி.யின் பிரதியே பிரமாணம் என்று விதி. விதியை மறந்து பழைய பிரதியை மேலே விட்டவர்களுக்கு, கம்பைலர் பாதி கட்டி முடிந்தபின், சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் இடத்தில் பிழைச் செய்தி வந்து நிற்கும்.

2002 மார்ச் மாதத்தில் ஸீலிப்பில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. வேண்டுமென்றே கோணலாகத் தயாரித்த சுருக்கத் தரவைக் கொடுத்தால், ஒரு முறை விடுவித்த நினைவகத்தையே அந்த லைப்ரரி மறுமுறையும் விடுவிக்க முயலும். அதைப் பயன்படுத்திக் கெட்டவர்கள் உள்ளே நுழையலாம். திருத்தம் 1.1.4 பதிப்பாக உடனே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிறிய, அழகான லைப்ரரியை லினக்ஸ் கர்னல் உட்பட எத்தனையோ மென்பொருள்கள் தத்தம் மூலநிரலுக்குள்ளே பிரதி எடுத்து வைத்திருந்தன. சொந்த வீட்டில் திருத்தினால் பிரதிகள் தாமாகத் திருந்திவிடா. எந்தெந்தச் சரக்குக்குள் ஸீலிப் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே பலருக்குப் பெரும்பாடாயிற்று. ஜி.சி.சி.யின் ஸீலிப் அடைவில் இரண்டு மாறுதல் குறிப்புகள் அருகருகே இருந்தன: ஒன்று அதை எழுதியவர்களுடையது, மற்றது கம்பைலர்காரர்கள் தாங்கள் செய்ததை மட்டும் எழுதியது. அந்த நல்ல பழக்கத்தின் அருமை எனக்கு அந்த வாரம்தான் விளங்கியது. சார் பேரேட்டைத் திறந்து, அந்த அடைவில் எங்கள் கைபட்டவை கட்டுமானக் கோப்புகள் மட்டுமே, சி நிரலில் ஒரு வரிகூட இல்லை என்று விரல் வைத்துக் காட்டினார். பழையதை அப்படியே தூக்கிவிட்டுப் புதியதை வைத்து, கட்டுமானக் கோப்புகளை மாத்திரம் திரும்பச் செருகினோம். மாலைக் காப்பிக்குள் வேலை முடிந்தது.

மோதல் குறி போட்டு நிற்கும் இடங்களுக்கு நான் ஒருபோதும் அஞ்சியதில்லை. மனிதன் பார்க்கவேண்டும் என்று அவையே கையைத் தூக்கி அழைக்கின்றன. மோதலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறதே, அந்த மெர்ஜ்தான் பொல்லாதது. நியூலிப்பில் செட்ஜம்ப், லாங்ஜம்ப் என்று இரண்டு உண்டு: முன்னது பிராசஸரின் பதிவேடுகளை ஒரு வரிசைக்குள் பத்திரப்படுத்தும், பின்னது அவற்றை மீட்டு அந்த இடத்துக்கே தாவும். அந்த வரிசைக்கு எத்தனை இடம் என்பதை ஒரு மேக்ரோவாகச் சொல்வது ஒரு தலைப்புக் கோப்பு. எல்லா பிராசஸர்களுக்கும் அதில் தனித்தனிப் பத்தி. எங்கள் வாடிக்கைக்காரர் கேட்டபடி, வழக்கமான பதிவேடுகளோடு இன்னொன்றையும் சேர்த்துச் சேமிக்கும்படி அசெம்பிளியை எழுதி, இடத்தையும் ஒன்று கூட்டி, நாங்கள் பல காலமாகச் சுகமாக இருந்தோம். இதற்கிடையில் அந்த பிராசஸர் சில்லைச் செய்தவர்களே அதற்கான ஆதரவை நியூலிப்புக்கு அனுப்பி, அது ஏற்கப்பட்டுவிட்டது. அவர்களுடைய பத்தி எங்களுடையதற்குச் சில வரிகள் கீழே வந்து உட்கார்ந்தது. இரண்டும் வேறு வேறு இடம் ஆகையால் மோதல் இல்லை. ஒரே மேக்ரோவை இரண்டு முறை வரையறுத்தால் கம்பைலர் எச்சரிக்க வேண்டாமா என்றால், கணினி அமைப்பின் தலைப்புக் கோப்புகளுக்குள் நேர்வதை ஜி.சி.சி. பெருந்தன்மையாகக் கண்டும் காணாமல் விட்டுவிடும். ஆக, கடைசியில் வந்த அவர்கள் எண் வென்றது. இடம் ஒன்று குறைந்தது. எங்கள் அசெம்பிளியோ பழைய தாராளத்தோடு சேமித்துக்கொண்டே இருந்தது. அந்த ஒன்று, அடுத்திருந்த மாறியின் தலையில் போய் விழுந்தது.

இரவு முழுதும் சிமுலேட்டரில் ஓடிய சோதனைத் தொகுதி, காலையில் எல்லாம் சரி என்று சான்று கொடுத்தது. வாடிக்கைக்காரரிடமிருந்து மட்டும், மோட்டார் ஒரு பிழையிலிருந்து மீண்டபின் சுற்று எண்ணிக்கை தாறுமாறாகிறது என்று புகார். நாங்கள் எல்லோரும் கம்பைலரின் ஆப்டிமைசரைச் சந்தேகித்து அதைக் குடைந்துகொண்டிருந்தோம். சார், ப்ரீப்ராசஸரை மட்டும் ஓட்டி, மேக்ரோ வரையறைகளை விழுங்கிவிடாமல் வெளியிடச் சொல்லி, வந்ததை அச்சடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு இரண்டு இடங்களில் வட்டம் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். ஒரே பெயர், இரண்டு எண்கள்.

அன்றுதான் பேரேட்டின் கடைசிப் பத்தியைப் பற்றி அவர் வாய்திறந்து பேசினார். நம்மிடம் ரகசியமாக வைத்துக்கொள்ளும் திருத்தம் சொத்து அல்ல, வட்டி கட்டவேண்டிய கடன்; அதை மேலே அனுப்பியிருந்தால் சில்லுக்காரர்கள் தங்கள் பத்தியை எழுதும்போது நம்முடையதைப் பார்த்திருப்பார்கள் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிக்கே இன்றுவரை ஓட்டுப் போடுகிறேன். நியூலிப் திருத்தத்தை அனுப்புவது சுலபமாயிற்று. ஜி.சி.சி. பகுதிக்கோ, பாஸ்டனில் இருந்த ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்குக் காப்புரிமையை எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதியவர் மட்டுமல்லாமல் கம்பெனியும் சம்மதிக்கவேண்டும். காகிதம் தபாலில் போய்வர வேண்டும். கம்பெனி வக்கீல் அந்தப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "கிரயத் தொகை எங்கேயுமே போடலையே?" என்று கேட்டார். இலவசமாகக் கொடுப்பதற்குப் பத்திரம் எழுதி, தபால் செலவும் நாமே ஏற்பதை அவருக்கு விளங்கவைப்பதற்குள், ஜி.சி.சி. அடுத்த பதிப்பை வெளியிட்டுவிட்டது.

தம்பி மகள் இதையெல்லாம் பழங்கதை போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். 2021 முதல் ஜி.சி.சி.க்கு அந்தப் பத்திரம் கட்டாயமில்லை. இது நான் கொடுப்பதற்கு உரிமையுள்ள சரக்கு என்று ஒற்றை வரியில் ஒப்பமிட்டால் போதும். மூலநிரல் முழுவதும் 2020 ஜனவரியில், சி.வி.எஸ். போன்றதொரு புதிய கருவியான கிட்டுக்கு மாறிவிட்டது. கோப்பின் பெயரை மாற்றினால் சி.வி.எஸ். திகைத்து நின்றுவிடும், உள்ளூர்த் திருத்தங்கள் பழைய பெயரோடு அநாதையாகிவிடும், 2022இல் ஜி.சி.சி.யின் சி கோப்புகள் பெருவாரியாக சி பிளஸ் பிளஸ் பெயருக்கு மாறியபோதோ, கிட் உள்ளடக்கத்தின் சாயலைப் பார்த்துப் பெரும்பாலும் தானே புரிந்துகொண்டது. அவள் வேலை பார்க்கும் இடத்தில் எல்.எல்.வி.எம். என்ற கம்பைலர்த் தொகுப்பின் மாற்றங்களைத் தினந்தோறும் இயந்திரமே இழுத்து, சோதித்து, உடைந்தால் மாத்திரம் மனிதரை எழுப்புகிறதாம். ஆறு மாதத்து வெள்ளத்தை ஒரே மடையில் திறந்து தத்தளித்த எங்களைவிட, தினம் ஒரு வாய்க்கால் அளவு வாங்கிக்கொள்ளும் அவர்கள் புத்திசாலிகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு அவள் மடிக்கணினியில் ஜி.சி.சி.யின் சானிடைசர் லைப்ரரி இருக்கும் அடைவைத் திறந்து காட்டினாள். நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் இந்த லைப்ரரியின் சொந்த வீடு எல்.எல்.வி.எம்.; அதாவது போட்டிக் கம்பைலர். 2013இல் வந்த 4.8 பதிப்பு முதல் ஜி.சி.சி. அதன் பிரதியைத் தன்னிடம் வைத்து வருகிறது. அங்கே மெர்ஜ் என்றொரு கோப்பில், மூலத்தின் எந்தக் கமிட் வரை வாங்கியாயிற்று என்ற அடையாளம். அதன் பக்கத்தில் லோகல் பாட்சஸ் என்று இன்னொரு கோப்பு: ஒவ்வொரு மெர்ஜுக்குப் பிறகும் மறவாமல் திரும்ப ஏற்றவேண்டிய சொந்தத் திருத்தங்களின் ஜாபிதா. "இது எங்க சாரோட பேரேடு!" என்று நான் கத்தியதில், உள்ளேயிருந்து என் மனைவி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

அந்தப் பேரேட்டில் பின்னாளில் கடைசிப் பத்தி நிரம்பத் தொடங்கியது. மேலே அனுப்பி ஏற்கப்பட்டவற்றை சார் சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஓய்வுபெற்ற அன்று அதை என்னிடம் கொடுத்தார்; நான் விலகியபோது எனக்கு அடுத்தவரிடம் கொடுத்தேன். அடிக்கப்படாமல் மிஞ்சியிருந்தவை சொற்பம். அவற்றில் ஒன்று சாரின் கையெழுத்திலேயே, நியூலிப்பின் நினைவக ஒதுக்கீட்டுக் கோப்பில் நான்கு பைட் கூட்டும் ஒரு வரி. காரணம் என்ற பத்தியில் அவர் எழுதியிருந்தது: 'தெரியவில்லை. எடுத்தால் மோட்டார் நின்றுவிடுகிறது.' மேலே அனுப்பியாயிற்றா என்பதற்கு நேரே, 'என்னவென்று சொல்லி அனுப்புவது?'

அந்தச் சில்லைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி. அதை வைத்துக் கட்டிய மோட்டார்கள் இன்னும் ஓடுவதால் கம்பைலருக்கு வருஷா வருஷம் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. பழைய சகா ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து விசாரித்தேன். சி.வி.எஸ். போய் கிட் வந்து, கம்பெனியின் பெயர்ப் பலகையும் மாறியிருக்கிறது. அந்த நான்கு பைட்டை மட்டும் ஒவ்வொரு மெர்ஜிலும் மறக்காமல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.